கயலின் ரேடியோ: ஒரு பிளேடு, ஒரு பென்சில், 80 சுற்றுக் கம்பி

நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவலின் ஏழாவது அத்தியாயத்தில் ஒரு பத்தி இருந்தது. கயல் அட்டைக் குழாயில் கம்பியைச் சுற்றுவாள், சவர பிளேடின் மேல் பென்சில் முனையை வைப்பாள், காதில் இயர்ஃபோனை மாட்டுவாள். மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்கும். நாலே வரி. எழுதி முடித்த இரவு எனக்கே புல்லரித்தது. மறுநாள் அக்கா மகளிடம் படிக்கக் கொடுத்தேன். அவளுக்கு வயது 15. யாருக்காக இந்தக் கதையை எழுதுகிறேனோ, அதே வயது.

படித்துவிட்டு, "நல்லா இருக்கு மாமா. ஆனா பேட்டரி எங்க?" என்றாள்.

இந்த வகை ரேடியோவுக்குப் பேட்டரி வேண்டாம், காற்றில் வரும் அலையின் சக்தியே போதும் என்றேன்.

"நீங்க செஞ்சு பார்த்திருக்கீங்களா?"

இல்லை. அங்கே ஆரம்பித்தது, ஆறு வார இறுதிகள் ஓடிவிட்டன. அத்தியாயம் மூன்று முறை மாறிவிட்டது.

கதை பற்றி இரண்டு வார்த்தை. மதில் சூழ்ந்த ஒரு நகரம். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் முத்திரை வைத்த ஒரு ரேடியோ. அதில் ஒரே நிலையம், அணைக்கும் பொத்தான் கிடையாது. வெளியே யாரும் உயிரோடு இல்லை என்று அது தினமும் சொல்கிறது. இதில் என் கற்பனை குறைவுதான். ஜெர்மனியில் 1933-இல் ஹிட்லர் அரசு 'மக்கள் வானொலி' என்று ஒன்றை மலிவாக வெளியிட்டது. மாதிரியின் பெயர் வி.இ. 301. ஜனவரி 30, அவர் பதவிக்கு வந்த நாள், அந்த எண்ணிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. விலை 76 மார்க். 1938-இல் வந்த சின்ன மாதிரி 35 மார்க். பக்கத்து நிலையங்கள் அதில் சுலபமாகக் கேட்கும். நல்ல ஏரியல் கட்டினால் இரவில் வெளிநாடும் கேட்கும் என்பது அரசுக்கும் தெரியும். அதனால்தான் 1939 செப்டம்பரில், போர் தொடங்கிய கையோடு, வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பதையே குற்றமாக்கினார்கள். வட கொரியாவில் நிலையத்தை மாற்ற முடியாதபடி முடக்கிய ரேடியோக்கள் இன்றும் உண்டு.

பிளேடும் பென்சிலும் என் கண்டுபிடிப்பு அல்ல. 1944-இல் இத்தாலியின் அன்சியோ கடற்கரையில் பதுங்குகுழிக்குள் கிடந்த அமெரிக்கச் சிப்பாய்கள் இப்படித்தான் பாட்டுக் கேட்டார்கள்.

முதல் வார இறுதி, சுருள். 5 செ.மீ. விட்டமுள்ள அட்டைக் குழாயில் அரை மில்லிமீட்டர் எனாமல் கம்பியை நெருக்கமாக 80 சுற்று. கம்பி சுமார் 13 மீட்டர் பிடித்தது. கணக்குப்படி சுருளின் தூண்டல் அளவு 260 மைக்ரோஹென்றி வரும். பழைய ரேடியோவில் நிலையம் மாற்றத் திருப்பும் 365 பிகோஃபாரட் கேங் கன்டென்சரோடு சேர்த்தால் கீழே 520 கிலோஹெர்ட்ஸ் வரை இறங்கும். அதாவது மத்திய அலை முழுக்கக் கைக்குள். 40-ஆவது சுற்றில் தும்மினேன், கம்பி தளர்ந்து மொத்தமும் அவிழ்ந்தது. இரண்டாம் முறை பத்துச் சுற்றுக்கு ஒரு முறை பசை நாடா ஒட்டிக்கொண்டே போனேன்.

மொட்டைமாடியிலிருந்து 25 மீட்டர் கம்பியை ஏரியலாக இழுத்துக் கட்டினேன். எர்த்துக்குக் குழாயடி. அலையிலிருந்து குரலைப் பிரித்தெடுப்பதுதான் பிளேடின் வேலை; அதைப் பிறகு பார்க்கலாம் என்று, அதே வேலையைச் செய்யும் ஒரு ஜெர்மானியம் டயோடை முதலில் வைத்தேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தானே சோதிக்க வேண்டும்? இயர்ஃபோனை மாட்டினேன். சத்தமே இல்லை. சுத்தமான, முழுமையான மௌனம்.

தவறு ஒன்றல்ல, மூன்று. எனாமல் கம்பியின் நுனியில் பூச்சைச் சுரண்ட மறந்திருந்தேன். செம்பு நிறத்திலேயே பளபளப்பதால் வெறும் கம்பி என்று கண் ஏமாந்துவிடும். உப்புத்தாளால் தேய்த்ததும் மல்டிமீட்டர் உயிர்பெற்றது. அடுத்தது எர்த். குழாய் பார்க்க இரும்பு. சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் பிளாஸ்டிக். ஓர் இரும்புக் கம்பியை ஈர மண்ணில் முக்கால் மீட்டர் அடித்து இறக்கினேன். மூன்றாவது தவறுதான் என் கதையை நேராகக் குத்தியது: இயர்ஃபோன்.

கயலுக்கு நான் கொடுத்திருந்தது செல்பேசியோடு வரும் சாதாரண இயர்ஃபோன். அதன் மின்மறுப்பு, அதாவது மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, 32 ஓம். அந்தக் காலத்துச் சிப்பாய்களின் காதில் இருந்தது 2,000 ஓம் அளவிலான ஹெட்ஃபோன். நம் சுருளிலிருந்து வரும் மின்னோட்டம் அற்பசொற்பம். அதைப் போய் 32 ஓமில் கொட்டுவது, சைக்கிள் பம்பால் லாரி டயருக்குக் காற்றடிப்பது போல. கயலிடம் 2,000 ஓம் ஹெட்ஃபோன் இருக்க வழியில்லை. இரண்டு நாள் யோசித்தேன். விடை மேசை டிராயரில் கிடந்தது: பழைய, கனமான அடாப்டர். அதற்குள் இருப்பது ஒரு டிரான்ஸ்ஃபார்மர், 230 வோல்ட்டை 6 வோல்ட்டாக இறக்குவது. அதைத் தலைகீழாக நினைத்துப் பாருங்கள். சுற்றுகளின் விகிதம் சுமார் 38. மின்மறுப்போ அதன் வர்க்கத்தில் பெருகும். 32 ஓம் இயர்ஃபோன் மறுபக்கத்திலிருந்து பார்க்கும்போது 47,000 ஓம் மாதிரித் தெரியும். ஓட்டைப் பிரித்து, உள்ளேயிருந்த டயோடுகளை வெட்டி எறிந்து, 230 வோல்ட் பக்கத்தைச் சுருளோடும் 6 வோல்ட் பக்கத்தை இயர்ஃபோனோடும் இணைத்தேன். (இப்போது வரும் இலேசான சார்ஜர்கள் இதற்கு உதவாது, அவற்றின் உள்ளமைப்பே வேறு. பிரித்த அடாப்டரைத் திரும்ப எந்த நிலையிலும் பிளக்கில் செருகாதீர்கள்.)

கேட்டது! யாரோ செய்தி வாசிக்கிறார். கிணற்றடியிலிருந்து வருவது போல, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக. அந்தச் சொற்களைத் தள்ளுவதற்கு நான் ஒரு துளி மின்சாரம் கொடுக்கவில்லை. எங்கோ ஒரு கோபுரம் வீசிய சக்தியில் மிச்சம் மீதி என் காதுச் சவ்வை ஆட்டுகிறது. எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அன்றைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவே அத்தியாயத்தில் ஒரு காட்சி சேர்ந்தது. மின்சாரமே இல்லாத குப்பைமேட்டில் செத்துப்போன அடாப்டர்களை யாரும் சீண்டுவதில்லை. கயல் மட்டும் பொறுக்குகிறாள்.

அப்புறம் பிளேடு. இதில்தான் அதிகப் பொறுமை செலவானது. கடையில் கிடைக்கும் பளபள எஃகு பிளேடு ஐந்தை முயன்றேன், ஒன்றும் பேசவில்லை. துருப்பிடிக்காத எஃகாயிற்றே. வேலை செய்வது பிளேடின் மேலிருக்கும் ஆக்சைடு படலம்தான். அந்தக் காலத்து பிளேடுகள் நீலம் பாய்ந்தே வந்தன. கடைசியில் அட்டை வெட்டும் கத்தியின் கார்பன் எஃகு பிளேடை இடுக்கியில் பிடித்து அடுப்புச் சுவாலையில் காட்டினேன். முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, சட்டென்று மயில்கழுத்து நீலம். 300 டிகிரி செல்சியஸை ஒட்டி அந்த நீலம் வரும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும், தாண்டினால் சாம்பல் நிறமாகிவிடும். ஒன்றைத் தாண்டவிட்டுக் கெடுத்தேன்.

ஊக்கை விரித்து, அதன் முனையில் ஒரு துண்டுப் பென்சில் கரியைக் கம்பியால் கட்டினேன். ஊக்கின் வில்தன்மையால் கரி பிளேடின் மேல் பட்டும்படாமல் நிற்கும். பிளேடு முழுக்க வேலை செய்யாது. எங்கோ ஒரு புள்ளி மட்டும்தான் பேசும். கரியை மயிரிழை மயிரிழையாக நகர்த்தித் தேட வேண்டும். கிடைத்துவிட்டால் மூச்சுவிடக்கூடப் பயமாக இருக்கும். பக்கத்து அறையில் கதவு சாத்தினார்கள், குரல் போய்விட்டது. மறுபடி இருபது நிமிடம்.

என் முதல் வரைவில் கயல் 'பென்சில் முனையை வைப்பாள், குரல் கேட்கும்' என்று எழுதியிருந்தேன். வெட்கமாக இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஏழு இரவுகள் போகின்றன. ஏழாவது இரவில் புள்ளி கிடைக்கிற நொடியில் மாடிப்படியில் காவலரின் பூட்ஸ் சத்தம். அந்த அதிர்விலேயே புள்ளி தவறிவிடுகிறது. காவலர் எதையும் பார்க்கவில்லை. ஆனால் அவர் நடந்தாலே போதும். அரசின் அழுத்தத்தைக் காட்ட இதைவிட நல்ல காட்சியை நான் உட்கார்ந்து யோசித்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

இந்த இடத்தில் ஒரு பெருமையும் கண்ணில் பட்டது. கனிமப் பரப்பின் மேல் முனை வைத்து அலையைக் கண்டறியும் இந்த வித்தைக்கு, காலீனா என்னும் ஈயத் தாதுவை வைத்து முதலில் காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர் ஜகதீஷ் சந்திர போஸ். விண்ணப்பித்தது 1901, அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது 1904. கயலின் தாத்தா அவர் பெயரை ஒரு முறை சொல்வதாக வைத்திருக்கிறேன். ஒரே முறைதான், பாடம் எடுக்கவில்லை.

இதுவரை எல்லாம் சரி. இனிதான் பெரிய ஓட்டை.

இரண்டு வாரம் கேட்டும் எனக்குக் கேட்டது ஒரே நிலையம். கன்டென்சரை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே அறிவிப்பாளர், கொஞ்சம் கூடக் குறைய. பக்கத்திலேயே பலமான கோபுரம் இருந்தால் இந்த எளிய ரேடியோ அதற்கு அடிமை. அப்படியென்றால் கயலுக்கு என்ன கேட்கும்? இத்தனை பாடுபட்டும், சுவரில் தொங்கும் அதே அரசுக் குரல்தான்! கதையே படுத்துவிட்டது. மூன்று நாள் கையெழுத்துப் பிரதியைத் திறக்கவில்லை.

தீர்வு பழைய ரேடியோக்காரர்களிடம் இருந்தது. வேவ் டிராப் என்பார்கள். இன்னொரு சுருளையும் கன்டென்சரையும் பக்கவாட்டில் இணைத்து, அந்த ஜோடியை ஏரியலின் பாதையில் நடுவில் செருகுவது. அது எந்த அலைவரிசைக்குச் சரியாக நிற்கிறதோ அந்த ஒன்றை மட்டும் மறிக்கும். மற்றதெல்லாம் தாண்டிப் போகும். இரண்டாவது கேங் கன்டென்சர் என்னிடம் இல்லை, கயலிடமும் இருக்காது. இரண்டு அலுமினியத் தாள், 6-க்கு 8 செ.மீ., நடுவில் இரண்டு வெள்ளைத் தாள். ஒன்றன் மேல் ஒன்றை நகர்த்தினால் கொள்ளளவு மாறும். தாள்களுக்கிடையில் காற்று நிற்பதால் கையால் அழுத்தினாலும் மாறும். ஓர் அகராதியைத் தூக்கி மேலே வைத்தேன், அறிவிப்பாளர் தொண்டையைப் பிடித்தது போல அடங்கினார். அகராதியை எடுத்தால் மறுபடி வந்துவிடுவார். கதையில் கயல் இதற்குப் பயன்படுத்துவது நகர நிர்வாகம் வீட்டுக்கு வீடு கொடுத்த விதிமுறைப் புத்தகம். நல்ல கனம்.

கூடவே ஏரியலைச் சுருளின் நுனியிலிருந்து எடுத்துப் 15-ஆவது சுற்றில் மாட்டினேன். சத்தம் குறைந்தது, ஆனால் நிலையங்கள் பிரிந்தன. பிளேடை எடுத்துவிட்டு மறுபடி டயோடு. நேர்மையாகச் சொல்ல வேண்டும்: பிளேடில் தொலைதூர நிலையம் எனக்கு ஒருநாளும் கேட்கவில்லை. ஆகவே கயலுக்கும் டயோடு வேண்டும். அதை அவள் எடுப்பது, உடைந்துபோன ஒரு முத்திரை ரேடியோவிலிருந்து. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் ஓஏ79 போன்ற ஜெர்மானியம் டயோடு இருக்கும்.

இரவு 11 மணி. அகராதி கீழே அறிவிப்பாளர் அடங்கியிருந்தார். கன்டென்சரை மேலே தள்ளிக்கொண்டே போனேன். இரைச்சல். அதற்கடியில், நூல் போல, ஒரு பெண்குரல். எனக்குத் தெரியாத மொழி. எட்டுப் பத்து நொடி நின்றது, தேய்ந்தது, மறைந்தது. அரை நிமிடம் கழித்து மறுபடி வந்தது. அக்கா மகளை எழுப்பி ஒரு பக்க இயர்ஃபோனைக் கொடுத்தேன். தூக்கக் கலக்கத்தில் கேட்டவள், "யாரு மாமா இது?" என்று ரகசியம் பேசுவது போலக் கேட்டாள். தெரியவில்லை என்றேன். கயலும் அதைத்தான் நினைப்பாள். அந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டேன்.

பகலில் ஏன் கேட்கவில்லை? பகலில் தரையிலிருந்து 60 முதல் 90 கி.மீ. உயரத்தில் இருக்கும் அயனிப் படலம் மத்திய அலையை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்தப் படலம் கலைகிறது. அலை இன்னும் மேலே போய், அங்குள்ள இன்னொரு படலத்தில் பட்டுத் திரும்பி, பல நூறு கி.மீ. தள்ளி இறங்குகிறது. வெவ்வேறு பாதையில் வந்த அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் அழித்தும் விளையாடுவதால்தான் குரல் வந்து வந்து போகிறது.

இங்கேதான் நாவலுக்குத் தேவையான சூழ்ச்சி கிடைத்தது. மதிலுக்கு வெளியிலிருந்து பேசுவதாகச் சொல்லும் 'விடியல் நிலையம்' உண்மையில் அரசே நடத்துவது; தப்ப நினைப்பவர்களை ஓரிடத்துக்கு வரவழைத்துப் பிடிக்கும் பொறி. இப்படி நடக்குமா என்று கேட்பவர்களுக்கு: இரண்டாம் உலகப் போரில் செஃப்டன் டெல்மர் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர், ஜெர்மன் படையின் சொந்த நிலையம் போலவே பேசும் நிலையங்களை இங்கிலாந்திலிருந்து நடத்தினார். 'கலே படைவீரர் நிலையம்' அவற்றில் பெயர்பெற்றது. அருமையான பாட்டு, உண்மைச் செய்தி, இடையில் ஒரு சிட்டிகைப் பொய். நல்லவர்கள் பக்கமும் இதைச் செய்திருக்கிறது என்பதே என்னை அதிகம் உறுத்தியது.

கயல் எப்படிக் கண்டுபிடிப்பாள்? 600 கி.மீ. தொலைவிலிருந்து வருவதாகச் சொல்லும் குரல் தேய்வதே இல்லை. அதுதான் துப்பு என்று எழுதினேன். அக்கா மகள் விடவில்லை. "அவங்க புத்திசாலியா இருந்தா, குரலைத் தேய்ச்சுக் காட்டலாமே?"

காட்டலாம். ஆனால் கையால் ஒலியைக் குறைத்தால் குரல் முழுசாக, அழகாகக் குறையும். உண்மையான தேய்வு அப்படி இல்லை. அலைவரிசையின் ஒரு துண்டு அழிய மறு துண்டு நிற்கும். குரல் கோணும், கரகரக்கும், தண்ணீருக்குள் பேசுவது போலாகும். நிலையத்தின் பொய் கேட்க மிகச் சுத்தமாக இருக்கிறது. இது பிடித்துப்போனது. இருந்தாலும் காதை மட்டும் நம்பினால் போதுமா? கையில் பிடிக்கிற மாதிரி ஒரு சான்று வேண்டும்.

60 செ.மீ. சதுர மரச்சட்டம், அதன்மேல் 13 சுற்றுக் கம்பி. ஏரியல், எர்த் இரண்டையும் கழற்றிவிட்டு, சுருளுக்குப் பதிலாக இந்தச் சட்டத்தையே கன்டென்சரோடு இணைத்தேன். சட்டத்தின் விளிம்பு கோபுரத்தைப் பார்க்கும்போது சத்தம் உச்சம். அதன் முகம் கோபுரத்தைப் பார்க்கும்போது அடங்கிவிடும். அடங்கும் இடம்தான் துல்லியம். பலமான பக்கத்து நிலையத்துக்குத்தான் இந்தச் சட்டம் போதும், அதுவே கயலுக்கு வசதி. இரவில் வானத்திலிருந்து இறங்கும் தொலைதூர அலைக்கு இப்படிக் கூர்மையாக அடங்கும் இடமே கிடைக்காது.

அக்கா மகள் கண்ணை மூடிக்கொண்டு சட்டத்தைத் திருப்பினாள். "இங்க... இல்ல, கொஞ்சம் முன்னாடி... இங்க!" திசைகாட்டியை வைத்துக் குறித்துக்கொண்டோம். எதிரெதிராக இரண்டு திசைகளில் எது என்று ஒரே அளவீட்டில் தெரியாது. அதனால் சட்டத்தைச் சைக்கிளில் கட்டி 4 கி.மீ. தள்ளிப் போய் இன்னொரு முறை. வரைபடத்தில் இரண்டு கோடும் வெட்டிய இடம், உண்மையான கோபுரத்திலிருந்து ஒரு கி.மீ. பிசகு. மரச்சட்டத்துக்கும் சைக்கிளுக்கும் அது மோசமில்லை.

கயல் ஒரு கோட்டை வீட்டு மாடியிலிருந்தும் இன்னொன்றைத் தண்ணீர்த் தொட்டி மேலிருந்தும் போடுகிறாள். விடியல் நிலையத்தின் இரண்டு கோடுகளும் மதிலைத் தாண்டவே இல்லை. நகர நடுவிலிருக்கும் நிர்வாகக் குன்றில் வெட்டிக்கொள்கின்றன. அந்த இரவே, விதிமுறைப் புத்தகத்தின் கீழே அதையும் அடக்கிவிட்டு, கரகரத்துத் தேய்ந்து போகும் அந்த வேற்றுமொழிப் பெண்குரலைத் தேடி உட்காருகிறாள். மொழி புரியவில்லை. ஆனால் சட்டத்தை எப்படித் திருப்பினாலும் அது ஒரு புள்ளியில் அடங்க மறுக்கிறது.

"சட்டத்துல அந்தத் தூரக் குரல் கேட்காதுன்னு நீங்கதான சொன்னீங்க?" என்று அக்கா மகளிடமிருந்து ஓரக்குறிப்பு வந்தது. சரி, ஏரியலோடு சட்டத்தை லேசாக இணைத்து மறுபடி சோதிக்க வேண்டும். பிடிவாதமாகக் கேட்காவிட்டால் கடைசி வாக்கியம் போகும். அடுத்த ஓரக்குறிப்பு: சட்டத்துக்கு 31 மீட்டர் கம்பி கயலுக்கு எங்கே கிடைத்தது? எரிந்துபோன மின்விசிறி மோட்டாரைப் பிரித்தால் கிடைக்கும் என்பதும் அக்கா மகளுடைய யோசனைதான். நேற்று ஒன்றைப் பிரித்தோம். வார்னிஷ் பாறை போல இறுகியிருக்கிறது, இரண்டு மீட்டருக்கு ஒரு முறை கம்பி அறுந்துவிடுகிறது. இதுவரை தேறியது 11 மீட்டர், ஐந்து முடிச்சோடு.